விசாரிக்க வந்தவர்

அறுபது வயது இருக்கும். கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் மட்டும் பொட்டுத் தோடு. சுடிதார், காலில் ஓட்டப்பந்தயத்துக்குப் போடுகிற ஷூ, முதுகில் டைனோசர் படம் போட்ட பள்ளிக்கூடப் பை. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இப்படி ஒருவரைப் பார்த்திருந்தால், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பையை மறந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் பாவம் என்று நினைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் இது லாவோஸ். மீகாங் ஆறு. பாக்பெங் என்ற ஊரிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு ஏழு மணி நேரம் ஊர்ந்து போகிற நீளப் படகு. பழைய கார்களிலிருந்து கழற்றிய சீட்டுகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் வெள்ளைக்காரப் பிள்ளைகள், மீதி கோழிக்கூடையும் சிமெண்ட் மூட்டையுமாக ஊர்க்காரர்கள். எவ்வளவோ சீட்டு காலியாக இருக்க, நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங் அம்மிணி, தமிழுங்களா?" என்றார். அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். நான் வாயே திறக்கவில்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "போன்ல நம்ம எழுத்து தெரிஞ்சுதுங்" என்று சிரித்தார். என் போனில் அப்போது இருந்தது அம்மா அனுப்பிய மெசேஜ். சாப்பிட்டியா சாமி, அங்க குளுரு எப்படி இருக்குது. அதை, மூட்டையைச் சுமந்து படகேறிய வியர்வையைத் துடைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அந்த இரண்டு வரியையும் இவர் படித்துவிட்டார். படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாரா, உட்கார வந்த இடத்தில் படித்தாரா என்பதுதான் இப்போது எனக்குத் தெரிய வேண்டும்.

நேற்று இந்தப் படகில் இவர் இல்லை. எல்லையிலிருந்து நாங்கள் எல்லோரும் ஒன்றாக வந்தோம், ராத்திரி பாக்பெங்கில் தங்கினோம், காலையில் அதே முகங்கள், இவர் மட்டும் புதுசு. கேட்டேன். யானை பார்க்க ஒரு நாள் கூடத் தங்கினாராம். யானை! பேரூருக்கும் மருதமலைக்கும் வந்து போகிற யானையைப் பார்க்காத கண்ணா அது? மாப்பிள்ளை வீட்டார் இவர் கையில் என்ன விவரம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். பெயர் கோகிலவாணி, வயது முப்பத்து மூன்று, பெருந்துறை நாச்சிமுத்துவின் இரண்டாவது பெண், டென்மார்க்கில் ஆர்ஹூஸ் என்ற ஊரில் ஏழு வருடமாக வேலை, காற்றாலை இறக்கைகளில் விரிசல் விழுகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை. பெண் வீட்டார் சொல்வது, பெண் இப்போது டென்மார்க்கில் இருக்கிறது. உண்மையா என்று பார்க்கவும். உண்மையில்லை. பெண் மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, வியட்நாமில் ஒரு மாதம், தாய்லாந்தில் மூன்று வாரம், இப்போது லாவோஸ் என்று ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு சுற்றுகிறது. தினமும் இந்தியாவில் எட்டு மணிக்கு அப்பா வீடியோவில் கூப்பிடுவார், அந்த நேரம் எனக்கு இங்கே ராத்திரி ஒன்பதரை, டென்மார்க்கில் பகல் மூன்றரை. வெள்ளைச் சுவர் பார்த்து உட்கார்ந்து, தலைக்கு நேரே லைட்டைப் போட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பேசுவேன். ஹனோயில் ஃபேன் சத்தம் கேட்டுவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டே, ரொம்பக் குளிருதுப்பா என்று சொன்னவள் நான். வேர்க்குதே சாமி என்றார். ஹீட்டரை அதிகமாக வைத்துவிட்டார்கள் என்றேன். எவ்வளவு சரளமாக வருகிறது பொய். இத்தனைக்கும் தப்பு ஒன்றும் செய்யவில்லை. காங்கயத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், அரிசி மில் குடும்பம், பையன் கோயமுத்தூரில் பல் டாக்டர், பெயர் சந்திரசேகர். இரண்டு முறை போனில் பேசினோம், இரண்டு முறையும் காற்றாலை எப்படிச் சுற்றுகிறது என்றுதான் ஆர்வமாகக் கேட்டார், பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பங்குனி பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்கிறார்கள். சரி என்றாலும் இல்லை என்றாலும் அது என் வாயிலிருந்து வரவேண்டும், அதற்கு யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து என்ன யோசிக்கிறாய் என்று கேட்காத மூன்று மாதம் வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பதிலை என் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்ள இந்த ஒரு பொம்பிளை போதும்.

இது கற்பனை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு எங்கள் பக்கம் தெரியாது. எங்கள் பக்கம் பெண் எடுப்பதென்றால் சும்மா எடுத்துவிட மாட்டார்கள். விசாரிப்பார்கள். பால்காரரிடம் விசாரிப்பார்கள், படித்த காலேஜில் வாட்ச்மேனிடம் விசாரிப்பார்கள், வசதி இருந்தால் இதற்கென்றே ஆபீஸ் வைத்திருக்கிறவர்களிடம் சொல்லி விசாரிப்பார்கள். அக்கா சுகந்திக்குக் கோபியில் இடம் பார்த்து எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒரு மத்தியானம் ஒரு அம்மா வந்தார். மாடி வீடு வாடகைக்கு இருக்குதாமே என்று கேட்டு வந்தார். நல்ல முகம். எங்கள் அம்மா உட்காரச் சொன்னாள், அக்காவே காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள், என்ன படிப்பு என்று சாதாரணமாகத்தான் கேட்டார், அக்காவும் வெகுளியாகக் காலேஜ் டூர் போன ஆல்பத்தை எடுத்துக் காட்டினாள். ஒரு படத்தில் கூடப் படித்த பையன் ஒருவன் அவள் தோளுக்குப் பின்னால் விரலால் கொம்பு வைத்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான். நாலாம் நாள் தரகர் போன் பண்ணி, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம் என்றார். அதற்குள் பேச்சு ஊரெல்லாம் போய்விட்டது. அப்பா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூன்றே மாதத்தில் கிடைத்த இடத்தில் முடித்துவிட்டார். அந்த வீட்டுக்காரரோடு அக்கா எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்பது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், யாரும் பேசிக்கொள்வதில்லை. இன்றைக்கும் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று எவர் வந்து நின்றாலும் அக்கா கதவைத் திறக்க மாட்டாள். அவளுக்கு வந்தவர் காபி குடிக்க வந்தார், எனக்கு வந்தவர் படகேறி வந்திருக்கிறார். காங்கயத்துக்காரர்களுக்கு வசதி ஜாஸ்தி.

ஆனால் முதலில் நான் கொஞ்சம் அசந்துதான் போனேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். பனி இன்னும் விலகாத நேரம், ஆற்றின் இரண்டு பக்கமும் மலை பாதிதான் தெரிந்தது, காதுக்குள் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கரையில் வாங்கின ஆரஞ்சை உரித்து, பாதியை என் கையில் வைத்தார். மணல்மேட்டைக் காட்டி, "அங்க பாருங் அம்மிணி, கடலக்கா போட்டிருக்கறாங்! ஆத்து மணல்ல! எம்புட்டுப் பச்சையா வந்திருக்குது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி என் முழங்கையைப் பிடித்து ஆட்டினார். எத்தனை நாளாயிற்று, ஒருவர் என் முழங்கையைப் பிடித்துப் பேசி. பேர் வசந்தாமணி என்றார். நான் என் பேரைச் சொல்லவில்லை. சொல்லாததை அவர் கவனித்தாரா தெரியவில்லை. பிறகுதான் ஆரம்பித்தார். "எந்தூருங்க?" டென்மார்க் என்றேன். "அது பொழைக்கப் போன ஊருங். பொறந்த ஊரு?" ஈரோட்டுப் பக்கம் என்றேன். "பக்கம்னா? பெருந்துறையா, சென்னிமலையா?" பாருங்கள், முதல் வார்த்தையே பெருந்துறை! எத்தனையோ ஊர் இருக்க அது ஏன் முதலில் வருகிறது? சென்னிமலைப் பக்கம் என்றேன். "நம்மவங்கதானுங்களே?" தலையை ஆட்டினேன், அதை மறைக்க முடியாது, பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். "எந்தக் கூட்டமுங்க? கோயில் எங்க?"

கூட்டம் என்றால் எங்களுக்கு வம்சம். ஒரு கூட்டத்துக்கு ஒரு குலதெய்வம், ஒரே கூட்டமென்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கிடையாது, அதனால் எங்கள் பக்கத்து ஆள் இரண்டு பேர் உலகத்தில் எந்த மூலையில் சந்தித்தாலும் மூன்றாவது கேள்வி அதுதான். கூட்டமும் கோயிலும் தெரிந்துவிட்டால் போதும், இரண்டு போன் போட்டால் அப்பா பேர், வீட்டு நம்பர், மாட்டின் நிறம் வரைக்கும் வந்துவிடும். என் கூட்டம் ஆந்தை, கோயில் சின்னக்கரையூர் அத்தனூரம்மன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, ஹாஸ்டலில் என் ரூமில் இருந்தவளுடைய கோயிலை எடுத்து விட்டேன். அவள் வாரத்துக்கு ஒரு தரம் அதன் பெருமையைப் பேசுவாள், எல்லாம் மனப்பாடம். "தூரன் கூட்டமுங்க. மேக்கரைப்பாளையம் கரியகாளி." சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்கிறவர்களுக்கே உள்ள வியாதி, அவள் சொல்லும் வீட்டுப் பேரையும் கூடச் சேர்த்தேன். "தறிக்காரர் வூடுன்னு சொல்லுவாங்க எங்களை." அவர் கையில் ஆரஞ்சுச் சுளை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "தறிக்காரர் வூடா?" என்றார். ஆமாங்க என்றேன். "அப்பறம், ஈஸ்வரமூர்த்தி உங்களுக்கு என்ன வேணும்?" இது ஒரு கொக்கி என்று தெரிந்தும், தெரியாது என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில், "பெரியப்பா முறைங்க" என்றேன். ஒரே கூட்டத்தில் வயசானவர் எல்லாம் பெரியப்பா முறைதானே, எங்கே தப்பாகிவிடும் என்று ஒரு கணக்கு. அவர் "அப்பிடீங்களா" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மீதி ஆரஞ்சு அவர் மடியில் அப்படியே இருந்தது. மகா கெட்டிக்காரி. ஈஸ்வரமூர்த்தி என்று ஒரு ஆளே இருக்க மாட்டார். இல்லாத ஆளைச் சொல்லிப் பார்த்தார், நான் பெரியப்பா என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். இனி என் வாயிலிருந்து வருவதெல்லாம் பொய் என்று எழுதிக்கொள்ள அவருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

பத்து நிமிஷம் கழித்து, காத்து வேணும் என்று முணுமுணுத்து எழுந்து போனார். எங்கே போனார்? எஞ்சின் பக்கம். அங்கே யாரும் தானாகப் போய் உட்கார மாட்டார்கள், காது செவிடாகிவிடும், டீசல் நாற்றம் வேறு. காத்து வேண்டியவர் முன்னால் அல்லவா போகவேண்டும்? அங்கே போனால் நான் அவரைத் திரும்பித்தான் பார்க்க வேண்டும், அவருக்கு என் பின்மண்டை எப்போதும் தெரியும். திரும்பினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று ஆற்றைப் பார்த்தார். நானும் ஆற்றைப் பார்த்தேன். ஆறு தன்பாட்டுக்குக் காப்பி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது, பாறைகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன, எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நின்றன, இதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. மறுபடி திரும்பினால் போனை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார். இந்த மலைக்கு நடுவில் சிக்னல் ஏது? ஃபோட்டோ. என்னைத்தான். நான் போட்டிருப்பது கையில்லாத பனியன், ஹனோய் மார்க்கெட்டில் வாங்கினது, துண்டை எடுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டேன். எனக்குப் பின் சீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த ஐரிஷ்காரப் பையன், நேற்றெல்லாம் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவன், ஒரு பீர் பாட்டிலை நீட்டினான். நோ, தேங்க் யூ, ஐ நெவர் டிரிங்க் என்று படகின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். நேற்று அவன் வாங்கிக் கொடுத்த இரண்டு பீரைக் குடித்தவள் நான். அவன் முகம் குழம்பிப் போயிற்று. பாவம், அவனுக்கு எங்கே தெரியும் காங்கயம்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். அம்மா, நான் பொய் சொன்னேன், ஆனால் தனியாகத்தான் வந்தேன். தனியாவா, என்று அம்மா கேட்பாள், தனியாக வந்தது தப்பா, கூட ஆளோடு வந்தது தப்பா என்று அவளுக்கே தெரியாது, இரண்டுக்கும் சேர்த்து அழுவாள். அப்பா அழமாட்டார். அக்காவிடம் ஒன்றும் கேட்காத மாதிரி என்னிடமும் ஒன்றும் கேட்க மாட்டார், அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியாது. முப்பத்து மூன்று வயது, தனியாக வீடு வாங்கிக் கடன் கட்டுகிறேன், பயிற்சிக்காகப் பனிக்காற்றில் அறுபது ஆள் உயரத்துக் காற்றாலை மேல் ஏறி நின்றிருக்கிறேன், அப்பா கேட்காமல் இருந்துவிடுவாரே என்று ஆற்று நடுவில் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. யார் இந்த வசந்தாமணி? இதற்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள்? இல்லை, ஒருவேளை நிஜமாகவே ஊர் பார்க்க வந்தவராக இருந்தால்? கடலைச் செடியைப் பார்த்து அப்படிச் சிரிக்க நடிக்க முடியுமா? முடியும். அக்காவின் காபியை அந்த அம்மா அவ்வளவு ரசித்துத்தானே குடித்தார். நடிப்பென்றால் பல வருடம் குடும்பம் நடத்தின பொம்பிளைகளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் டைனோசர் பை? அதுதான், வேஷம் போடுகிறவர் இன்னும் நல்ல வேஷமாகப் போட்டுக்கொண்டு வந்திருப்பாரே. அப்படி நான் நினைக்க வேண்டும் என்றுதான் டைனோசர். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, படகு இரண்டு வளைவு தாண்டியது கூடத் தெரியவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது, வெயில் தகரக் கூரையில் இறங்கிவிட்டது, அப்போது மறுபடி வந்தார். உட்காரவில்லை, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "அம்மிணி, காத்தால ஃபோட்டோ கீட்டோ எதாச்சும் எடுத்தீங்களா?" என்றார். எனக்குச் சுரீர் என்றது. எடுத்தது நீங்களல்லவா என்று வாய் வரைக்கும் வந்தது. "இல்லீங்களே, ஏனுங்க?" என்றேன். "இல்ல, அந்தப் பனி நல்லா இருந்துச்சு, அதான். நான் உளுந்திருக்கறனான்னு." அடேயப்பா. எடுத்த ஃபோட்டோவை நான் பார்த்துவிட்டேனா என்று இப்படி நைசாகத் தெரிந்துகொள்கிறாராம். "லுவாங் பிரபாங்ல எத்தனை நாள் இருப்பீங்க?" நாளைக்கே கிளம்பிவிடுவேன் என்றேன், ஐந்து நாளைக்கு ரூம் எடுத்திருந்தேன். "அதுக்கப்பறம் எங்கீங்க?" நேராக டென்மார்க் என்றேன். "நாட்டுக்குப் போகலீங்களா? மேக்கரைப்பாளையம்?" போகலாம்தான், பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, என்று நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது, வீம்புக்குச் சொன்னேன், நீ இல்லாத ஆளைக் கண்டுபிடித்தால் நான் அவரைப் போய்ப் பார்த்துவிட்டே வருவேன் என்கிற வீம்பு. அவர் சீட்டின் முதுகைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. படகு ஆடுகிறது, வயசானவர், பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, உட்காருங்கம்மா என்று கூடச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

இரண்டு மணி வாக்கில் எஞ்சின் சத்தம் இறங்கியது. ஊர்க்காரர்கள் இறங்கவேண்டிய இடத்தில் படகோட்டி படகின் மூக்கை மணல்மேட்டில் குத்தி ஒரு நிமிஷம் நிறுத்துவார், பலகை போடுவார்கள், மூட்டையோடு இறங்கிவிட்டால் மறுபடி கிளம்பிவிடும். காலையிலிருந்து இப்படி ஐந்தாறு இடம். சிமெண்ட் மூட்டைக்காரர் இறங்கத் தயாரானார். மேலே செங்குத்தான மணல் கரை, அதில் வெட்டின படி, உச்சியில் நாலு கூரை, ஒரு பழைய லாரி. அந்த லாரி நிற்பதால் ரோடு இருக்க வேண்டும். மூட்டைக்காரருக்குப் பின்னால் டைனோசர் பையை மாட்டிக்கொண்டு வசந்தாமணி நின்றார். கையில் ஷூவைக் கழற்றிப் பிடித்திருந்தார். படகோட்டி லுவாங் பிரபாங், லுவாங் பிரபாங் என்று முன்னால் கையைக் காட்டினார், இவர் இல்லை இல்லை என்று தலையாட்டினார். என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். என் பக்கத்தில் வந்ததும் நின்றார். "நான் இறங்கிக்கறேனுங்" என்றார். "நீங்க யாரு சொல்லி வந்தீங்கன்னு நான் கேக்கல. ஈஸ்வரமூர்த்தி எங்கூட்டுக்காரரோட அண்ணன். தறிக்காரர் வூட்டுலதான் நான் வாக்கப்பட்டேன். அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்." "பிரிஸ்பேன்ல மவன் வூட்டுல இருந்து, திருப்பூருக்கு எங்கக்கா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அக்காகிட்ட, மாசக் கடைசிலதான் வருவேன்னு சொல்லியிருக்கறேன். நடுவுல இந்த இருவத்தஞ்சு நாளு எனக்குன்னு எடுத்துக்கிட்டனுங். அவன் புள்ளைக ரண்டையும் வளத்துக் குடுத்தேன், ஒரு ஞாயித்துக்கெழமை சும்மா உக்காந்ததில்ல. அவங்க தாத்தன் போனதுக்கப்பறம் எங்க போறதுன்னாலும் அந்தப் பெரியவரைக் கேட்டுத்தான் போகோணும்னு வெச்சிருக்கறாங்க. இப்பப் பதினோரு நாளாச்சு. தப்பா எதும் பண்ணலீங், சும்மா பாத்துக்கிட்டுதான் வர்றேன். அவங்ககிட்டச் சொல்லோணும்னா சொல்லுங். ஆனா இன்னொரு பதினாலு நாள் கழிச்சுச் சொல்லுங் அம்மிணி. அதுக்கப்பறம் நானே போயிருவேன்."

சொல்லிவிட்டு ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் நான் என்ன நினைத்தேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே சொல்கிறேன். இதுவும் ஒரு வித்தையாக இருக்குமோ என்று நினைத்தேன். அழுத மாதிரிப் பேசி என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறாரோ என்று, உண்மையைச் சொல்லிவிடாதே என்று, உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அதுதான் அவருக்குப் பதிலாகப் போய்ச் சேர்ந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு பலகையில் கால் வைத்தார், ஆடியது, மூட்டைக்காரர் கை கொடுத்தார், முழங்கால் வரைக்கும் தண்ணீர், மணல். பலகையை இழுத்துவிட்டார்கள். எஞ்சின் சத்தம் ஏறியது. அப்போதுதான், அவர் முதுகையும் அந்தப் பையையும் பார்த்தபோதுதான், எனக்கு எல்லாம் புரிந்தது. போனைத் தூக்கிப் பிடித்தது சிக்னல் தேடி. யாராவது ஏற்கெனவே கூப்பிட்டிருக்கிறார்களா என்று பார்க்க. எஞ்சின் பக்கம் போய் உட்கார்ந்தது என்னிடமிருந்து தள்ளி இருக்க. கூட்டம் கேட்டது, கோயில் கேட்டது, ஃபோட்டோ எடுத்தீங்களா என்று கேட்டது, எல்லாம், இந்தப் பெண்ணால் நமக்கு ஆபத்து இருக்குமா என்று. எனக்கு வந்த பயம்தான் அவருக்கும், நான் இருந்த இடத்தில்தான் அவரும். அறுபது வயதில், பாஷை தெரியாத ஊரில், தங்க இடமில்லாத மணல்மேட்டில் நான் அவரை இறக்கிவிட்டேன். ஒரு மேக்கரைப்பாளையத்தைச் சொல்லி இறக்கிவிட்டேன். ஐயோ என்று வாய்விட்டே வந்துவிட்டது.

சீட்டுகளைத் தாண்டிப் படகின் ஓரத்துக்கு ஓடினேன், யாருடைய சீட்டுக்கட்டோ சிதறியது. "அம்மா! ஏனுங்கம்மா! வசந்தாமணியம்மா!" என்று கத்தினேன். பாதிப் படியில் நின்று திரும்பினார். அதற்குள் எங்களுக்கு நடுவில் இருபது அடித் தண்ணீர். "நான் பொய் சொன்னேங்க! நான் தூரன் இல்லீங்க! ஆந்தைங்க! சின்னக்கரையூரு அத்தனூரம்மன்!" காதில் கையை வைத்துக் கேட்டார், எஞ்சின் அடித்துக்கொண்டிருந்தது, என் குரலின் பாதியை அது தின்றுவிட்டது. "ஈஸ்வரமூர்த்தியை எனக்குத் தெரியாதுங்க! எங்கப்பா பேரு நாச்சிமுத்து! பெருந்துறைங்க! கோகிலவாணி எம் பேரு! நான் இங்க இருக்கறது எங்கூட்ல யாருக்கும் தெரியாதுங்க! நானும் உங்களை மாதிரித்தானுங்க!" இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்ததையெல்லாம் ஆற்றுக்கு மேலே போட்டு உடைத்தேன், அப்பா பேரை, ஊர்ப் பேரை, தெருப் பேரைக் கூட. ஐரிஷ்காரன் என் கையைப் பிடித்தான், விழுந்துவிடுவேன் என்று பயந்துவிட்டான் போல. படகோட்டியை நிறுத்தச் சொன்னேன், தமிழில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே லுவாங் பிரபாங் என்று முன்னால் காட்டினார். கரையில் வசந்தாமணி இன்னும் நின்றுகொண்டிருந்தார். எதை அவர் கேட்டார், எதைக் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது. ஈஸ்வரமூர்த்தி என்ற பேர் கேட்டிருக்கும், பெருந்துறை கேட்டிருக்கும். மறுபடி கத்தினேன். அவர் பையை இழுத்து இறுக்கிக்கொண்டார். நான் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, அவர் கையையும் ஊன்றிக்கொண்டு அந்தப் படிகளில் இன்னும் வேகமாக ஏறிப் போனார்.